உஷார்! வாடைக் கடலில் பலகையோடு இறங்காதீர்கள்

யாழ்ப்பாணம் வரும்போது அலைச்சறுக்குப் பலகையையும் கொண்டுவரலாமா என்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். டிசெம்பரில் வருகிறீர்கள் என்றால் கட்டாயம் வேண்டாம். ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகிறீர்கள் என்றால் பலகை மட்டுமல்ல, காற்றடைத்த மெத்தை, ரியூப், மிதவைப் படகு எதுவும் வடமராட்சி கிழக்குக் கடலுக்குள் போகக்கூடாது.

வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டு விடுமுறைகளில்தான். அந்த இரண்டு நேரமும் எங்கள் கடல் இரண்டு வேறு விதமாக ஆளை ஏமாற்றும். டிசெம்பரில் அலையைக் காட்டி ஏமாற்றும். ஓகஸ்டில் அலையே இல்லாத அமைதியைக் காட்டி ஏமாற்றும்.

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறந்தது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வருகிறவர்கள் கோட்டையோடும் நூலகத்தோடும் நிற்பதில்லை. மணற்காட்டு மணற்குன்றுகள், நாகர்கோவில், தாளையடி, கட்டைக்காடு என்று கடற்கரை கடற்கரையாகக் கமராவோடு போகிறார்கள். வீடியோவில் அந்தக் கரை எப்படித் தெரியும்? வெள்ளை மணல், ஆள் இல்லை, வரிசை வரிசையாக அலை. ‘இன்னும் யாரும் கண்டுபிடிக்காத இடம்’ என்று மேலே ஒரு வரி. ஆளில்லாத கரை ஏன் அந்த மாதத்தில் ஆளில்லாமல் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். காரணம் அதுதான்.

அலைச்சறுக்கு என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அறுகம்பை. பொத்துவிலுக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் குடாவில் 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குச் சம்மேளனத்தின் தகுதிகாண் போட்டியே நடந்தது. அங்கே அலை வருகிற விதம் வேறு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, தென்துருவப் பக்கத்துப் பெருங்கடலில் எங்கோ அடிக்கிற புயல்கள் கிளப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து, ஒழுங்காகி, இடைவெளி விட்டு வந்து சேர்கின்றன. கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் மோதி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகப் படிப்படியாக உடைகின்றன. அலை எங்கே உடையும், எங்கே உடையாது என்பது தெரிந்த விஷயம். அலை உடையாத ஓரமாகவே கையால் துடுப்புப் போட்டுத் திரும்பி வெளியே போகலாம். பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள், கரையில் பார்த்துக்கொண்டிருக்கப் பத்துப்பேர் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தென்கடல் அலை வருவதில்லை. இலங்கைத் தீவு முழுவதும் குறுக்கே படுத்திருக்கிறது. மேற்குப் பக்கத்தால் வரப் பார்த்தால் இராமர் அணையின் மணல்திட்டுகள் மறிக்கின்றன. அதற்கு வடக்கே பாக்கு விரிகுடா பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் அடங்கும் ஆழமில்லாத கடல். கிழக்குக் கரையோரமாக மிச்சசொச்சம் வந்தாலும் தேய்ந்துபோய்த்தான் வரும். ஆகவே சறுக்குவதற்கான அலை எங்களுக்கு ஒரே ஒரு காலத்தில்தான் எழும்: வாடை வீசும்போது. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை. மழையும் புயலும் வரும் அதே மாதங்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலிபோர்னியாவிலோ கோர்ன்வோலிலோ பலகை ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறக்கூடியவர்கள். “எனக்கு அலை தெரியும்” என்பார்கள். தெரிந்த அலை வேறு. பருத்தித்துறை முனையிலிருந்து தென்கிழக்காகச் சுண்டிக்குளம் வரை போகும் கரை ஏறக்குறைய ஒரே நேர்கோடு. குடா இல்லை, முனை இல்லை, ஒதுங்க இடமில்லை. முகம் வடகிழக்கைப் பார்த்திருக்கிறது, வாடையும் வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. அலை தூரத்தில் பிறந்து ஒழுங்காகி வருவதில்லை, காற்று அங்கேயே கிளப்பி அங்கேயே தள்ளுகிறது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லை. முனையில் போலப் படிப்படியாக உடையாமல், நீளத்துக்கு ஒரேயடியாக மடிந்து விழும். பலகை ஓட்டுபவருக்கு அதில் ஓட இடமே கிடையாது. கரைக்குக் கிட்ட வந்து விழும் அலை ஆளைத் தூக்கித் தலைகீழாக மணலில் அடிக்கும். கழுத்து முறிவதற்கு ஆழ்கடல் தேவையில்லை, முழங்காலளவு தண்ணீர் போதும்.

அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. அலை அலையாகக் கரைக்கு வந்து குவிகிற தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போகத்தானே வேண்டும்? கரைக்குச் சமாந்தரமாகத் தண்ணீருக்குள் மணல்மேடுகள் உண்டு. அந்த மேட்டில் எங்கே உடைவு இருக்கிறதோ அந்த வழியால் வந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடலுக்குள் ஓடும். இந்த இழுவை ஓட்டம் பல வேளைகளில் மெதுவாகவே இருக்கும். வேகம் எடுத்தால் செக்கனுக்கு இரண்டு மீற்றருக்கு மேலும் போகும். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 46.40 செக்கனில் நீந்தி உலக சாதனை வைத்தவரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இழுவைக்கு எதிராகக் கரையை நோக்கி நீந்துவது யாராலும் முடிகிற காரியமல்ல. நீந்த நீந்தக் களைத்துப்போய்த்தான் ஆட்கள் தாழ்கிறார்கள். ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு கொடுமை உண்டு. கரையில் நின்று பார்க்கிறவருக்கு அந்த இழுவை ஓடும் இடம்தான் கடலிலேயே அமைதியான இடமாகத் தெரியும். இரண்டு பக்கமும் நுரை பொங்கி அலை உடையும், நடுவில் ஒரு துண்டு மட்டும் அலை உடையாமல் கொஞ்சம் கருமையாகக் கிடக்கும். பிள்ளைகளோடு வந்தவர்கள் “இதில இறங்கினா நல்லது, அலையில்லை” என்று அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அலை இல்லாத அந்தத் துண்டில்தான் ஆழம் அதிகம், அதில்தான் தண்ணீர் வெளியே ஓடுகிறது. நுரையும் பாசியும் கலங்கல் மண்ணும் கரையிலிருந்து கடலை நோக்கி நகர்வதைக் கண்டால் அந்தப் பக்கம் கால்கூட நனைக்கக்கூடாது. அதுவும் இந்த உடைவுகள் நிலையானவை அல்ல. ஒரு இரவுக் காற்றில் மேடு நகரும், போன கிழமை நீங்கள் குளித்த இடம் இந்தக் கிழமை வேறு இடமாகியிருக்கும். ‘எனக்கு இந்தக் கரை பழக்கம்’ என்ற பேச்சு அதனால்தான் செல்லாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சை மீளுங்கள். இழுவை பெரும்பாலும் அலை உடையும் எல்லைக்கு அப்பால் தளர்ந்துவிடும். இயலுமானால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்குள் வந்து, அலையோடேயே கரைக்கு வாருங்கள். ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். பலகை கையில் இருந்தால் எக்காரணம் கொண்டும் அதைக் கைவிடாதீர்கள். ஆனால் வாடைக் காலத்தில் கட்டைக்காட்டிலோ மாமுனையிலோ நீங்கள் உயர்த்தும் கையைப் பார்க்க ஆள் இருக்கவேண்டுமே! தென்னிலங்கையின் பெரிய உல்லாசக் கரைகளில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரைக் காணலாம். இங்கே நீங்கள் வீடியோவைப் பார்த்துத் தேடிப்போகிற கரைகளில் நாய்தான் நிற்கும்.

கடலைத் தெரியாதவர்கள் பயந்து சொல்லும் பேச்சு இது என்று நினைத்துவிடாதீர்கள். வடமராட்சியின் கடலோடிகள் யார் என்று தெரியுமா? வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டியவர்கள் இந்த ஊரவர்கள். அவர்களுடைய வழியில் வந்த கடற்றொழிலாளர்கள் வாடை இறுகும் நாட்களில் வள்ளத்தைக் கரையேற்றிவிடுகிறார்கள். ‘காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பிராந்தியம் கொந்தளிப்பாகக் காணப்படும்’ என்று வளிமண்டலவியல் திணைக்களம் வானொலியில் சொல்வது அவர்களுக்கு மட்டும் சொல்வதாக நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அறிவித்தலில் ‘கடற்றொழிலாளர்கள்’ என்ற சொல் வந்தவுடன் மற்றவர்களுக்குக் காது அடைத்துவிடுகிறது. நாற்பது குதிரைவலு இயந்திரம் பூட்டிய படகே போகக்கூடாத கடலில் ஆறடிப் பலகை எப்படிப் போகும்?

அந்தக் கடல் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறது என்றும் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் மியன்மார்ப் பக்கத்திலிருந்து அறுந்து வந்த மூங்கில் மிதவைகள் வடமராட்சி கிழக்கில் கரையொதுங்கிய செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள். சனம் போய்ப் படம் எடுப்பார்கள், இரண்டு நாள் வேடிக்கை. 2022 டிசெம்பர் 18 அன்று இயந்திரம் பழுதாகித் தத்தளித்த படகொன்றிலிருந்து நூறுக்கு மேற்பட்ட ரோகிங்யா அகதிகளைக் கடற்படையினர் மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தார்களே, அந்தப் படகு வந்து நின்றது வெற்றிலைக்கேணிக்கு அப்பால்தான். வங்கக்கடல் முழுவதையும் தாண்டி ஒரு படகைத் தள்ளிவரும் காற்றும் ஓட்டமும் அது. 1964 டிசெம்பர் 22, 23இல் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலும் இந்த மாதத்தில் வந்ததுதான்.

டிசெம்பர் 26ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் அன்று காலை மணற்காட்டிலிருந்து சுண்டிக்குளம்வரை இந்தக் கரையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆழிப்பேரலைக்கும் வாடைக்கும் தொடர்பில்லை. ஆனால் உடுத்துறை நினைவாலயத்தில் தாய்மார் சுடர் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அதே கரையில் பியர்ப் போத்தலோடும் பாட்டுப் பெட்டியோடும் நிற்பதைப் பற்றி என்ன சொல்ல? அன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பக்கம் குளிக்கப் போகாதீர்கள். இது எச்சரிக்கை அல்ல, மரியாதை.

இனி ஓகஸ்ட். இதுதான் பலருக்குப் புரிவதில்லை. சோழகம் வீசும் காலம், தென்மேற்குக் காற்று. வடமராட்சி கிழக்கில் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. பனை வடலிகளும் மணற்குன்றும் காற்றை மறிப்பதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும். பிள்ளையை ஒரு காற்று மெத்தையில் இருத்தி விடுவதற்கு அதைவிட நல்ல கடல் இல்லை என்று தோன்றும். ஐம்பது மீற்றர் தாண்டியதும் மறைவு முடிந்துவிடும், காற்று மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். பாரமில்லாத, தண்ணீருக்கு மேலே நிற்கிற எதையும் காற்று தன் பாட்டில் கொண்டுபோகும். மெதுவாக நடக்கிற வேகம், மணிக்கு மூன்று கிலோமீற்றர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர். தகப்பன் பின்னால் நீந்திப் பிடிக்கப் பார்ப்பார். பிடிக்கவும் முடியாது, களைத்தபின் காற்றுக்கு எதிராகத் திரும்பி வரவும் முடியாது. இப்படித்தான் ஒருவர் ஆபத்தில் இருக்கும் இடத்தில் இரண்டுபேர் ஆகிறார்கள். அந்தத் திசையில் நேரே போனால் அடுத்த கரை பர்மா.

நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, பம்மால் காற்றடித்து முதுகில் கொண்டுவரலாம். ஆபத்தானது அதுதான். அதில் எழுந்து நிற்கிற ஆளே பாய்மரம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறதா என்று பார்க்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், கையில் கொஞ்சம் காய்ந்த மணலை எடுத்து மெல்ல விட்டுப் பாருங்கள். மணல் தண்ணீரை நோக்கிப் பறந்தால் மிதக்கும் சாமான் எல்லாம் வாகனத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

காரைநகர் கசூரினாக் கடற்கரையையும் வேலணைச் சாட்டியையும் இதற்குள் இழுக்காதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அவை ஆழமில்லாத கரைகள், குடும்பத்தோடு குளிக்க ஏற்றவை. கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அங்கே பலகைக்கு வேலையும் இல்லை. ஆழமில்லாத கடலில் இளைஞர்கள் செய்கிற வேலை வேறு: ஒருவர் தோளில் ஒருவர் ஏறித் தலைகீழாகப் பாய்வது. அடியில் மணல் கல்லுப்போல இறுகியிருக்கும். கழுத்தெலும்பு நொறுங்கி, கைகால் விளங்காமல் ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடக்க ஒரு பாய்ச்சல் போதும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்துவிடாமல், காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடவுங்கள். அதன் வால்முள் ஏறினால், தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட வடகரை முருகைக்கல். அலை அங்கே ஆளைத் தேய்த்துவிடும்.

கரையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தில் மடி எங்கோ வெளியே இருக்கும், கயிறு மட்டும் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் நூற்றுக்கணக்கான மீற்றர் நீண்டிருக்கும். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் கொண்டு இழுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று கடற்றொழிலாளர் சங்கங்களுக்குள்ளேயே பெரிய சண்டை, அதற்குள் நான் போகவில்லை. இறுகி ஓடும் கயிற்றில் காலோ, பலகையைக் காலோடு பிணைக்கும் வாரோ சிக்கினால் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குத் தெரியவும் வராது. அவர்களுடைய தொழில் இடத்துக்குள் நாங்கள் போய்க் குளிப்பது மரியாதையும் அல்ல.

‘யாரும் போகாத கரைக்கு’ குறுக்கு வழி தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று போன கோடு போர்க்காலத்தில் முன்னரங்கு. முகமாலை இந்த நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. 2017 டிசெம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் பணியை முடிப்பதற்கான காலம் 2028வரை என்று குறிக்கப்பட்டது. பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது. ஆனாலும் மாரி மழை மண்ணை அரிக்கும், மணற்குன்று இடம் மாறும், புதைந்து கிடந்தது மேலே வரும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் போகாதீர்கள். பழைய இரும்பு எதையும் காலால் தட்டாதீர்கள். வாகனமும் ஆளும் நடமாடித் தேய்ந்த பாதையிலேயே போய், அதே பாதையால் திரும்புங்கள்.

சுண்டிக்குளத்தில் கடல் பயம் என்று ஏரிப்பக்கம் இறங்குகிறவர்களும் உண்டு. அங்கே முதலை இருக்கிறது. அறுகம்பைக்குப் பக்கத்தில் 2017 செப்டெம்பரில் ஒரு இளம் பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை இழுத்துப்போனது அலை அடிக்கிற கடலில் அல்ல, கரைக்குச் சற்று உள்ளே அமைதியாகக் கிடந்த நீர்நிலையில்தான்.

நான் அலைச்சறுக்குக்கு எதிரி அல்ல. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளையான மூர்த்தி மேகவன் பலகை ஓட்டப் பழகி, ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கி, அந்தக் குப்பத்தையே நாடறிய வைத்தார். 2025 ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அங்கே தென்கடல் அலை இலங்கையைத் தாண்டி வந்து சேர்கிறது, எங்களுக்கு வருவதில்லை, அது ஒன்று. அதைவிடப் பெரிய வித்தியாசம், அங்கே அந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் காற்றையும் மணல்மேட்டையும் கண்ணால் வாசிக்கத் தெரிந்த கடற்கரைப் பிள்ளைகள். எங்கள் பக்கம் கடலில் இறங்குகிறவர்கள் யார்? கோப்பாயிலும் கொக்குவிலிலும் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த பிள்ளைகள். ஆறில்லாத ஊர் இது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத் தவிர நீச்சல் பழக ஓடும் தண்ணீர் கிடையாது. கடலில் இருந்து ஐந்து கிலோமீற்றரில் வாழ்ந்தும் நீந்தத் தெரியாத சனம் நாங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது குளோரின் போட்ட, அடி தெரிகிற, பிடிக்கக் கம்பி இருக்கிற தடாகத்து நீச்சல். ஊர் மச்சானுக்கு நீந்தத் தெரியாது, வந்த மச்சானுக்குக் கடல் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி இறங்குவார்கள். இதில் இரண்டு பியரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பலகை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பருவம் பார்த்துத் தெற்கே போங்கள். ஓகஸ்டில் வந்தால் அறுகம்பை. டிசெம்பரில் வந்தால் ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ. எங்களுக்கு வாடை அடிக்கும்போது அந்தத் தென்மேற்குக் கரை ஒதுக்கிடமாக இருக்கும், கார்த்திகையிலிருந்து சித்திரை வரை அங்கே பருவம். பழக்குகிறவர்களும் கூட்டமும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு வந்தால் ஒடியற்கூழ் குடியுங்கள், நெடுந்தீவைப் பாருங்கள், வாடைக் கடலை மணற்குன்றில் இருந்து பாருங்கள். அப்படியே பார்ப்பதற்கு அது மகா அழகு.

யாராவது இழுபட்டுவிட்டால் முதல் காரியம், பின்னால் பாயாமல் இருப்பது. காப்பாற்றப் பாய்ந்து தாழ்ந்தவர்கள் எத்தனை பேர்! மிதக்கிற எதையும் எறியுங்கள்: மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கான், வாகனத்து ரியூப், பந்து, குளிர்ப்பெட்டி. கயிறு இருந்தால் கட்டி எறியுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆள் மிதக்கும் இடத்தைக் கையால் காட்டிக்கொண்டே நிற்கவேண்டும். அலைக்குள் தலை ஒருமுறை மறைந்தால் பிறகு கண்டுபிடிப்பது கடினம். மற்றவர் வாடிகளுக்கு ஓடிப் படகுக்காரரைக் கூப்பிடட்டும்.

கரைக்குக் கொண்டுவந்தபின் எங்கள் ஊரில் செய்கிற வேலை ஒன்று உண்டு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும். தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றில் இருக்கிற தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை, மூச்சு நிற்பதுதான் கொல்லும். அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூளைக்குப் பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிடம்தான் அவகாசம். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சரித்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் 30 தடவை ஊன்றி அமுக்கி 2 தடவை ஊதுங்கள். ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு திரும்பி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எழுந்து இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

1990 என்றால் சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். அழைத்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எங்கே நிற்கிறீர்கள் என்பது. மணற்காட்டுக்கும் சுண்டிக்குளத்துக்கும் இடையில் குடத்தனை, அம்பன், நாகர்கோவில், ஆழியவளை, வத்திராயன், தாளையடி, செம்பியன்பற்று என்று ஊர் ஊராக ஒரே மணல், ஒரே கடல், ஒன்றுபோலவே தெரியும். வீடியோவில் யாரோ வைத்த பட்டப்பெயரைச் சொன்னால் அம்புலன்ஸ் சாரதிக்கு விளங்காது. கரைக்குத் திரும்பும் சந்தியிலேயே வாகனத்தை நிறுத்தி, எந்தக் கிராமம், பக்கத்தில் எந்தக் கோயில், எந்தத் தேவாலயம் என்று ஊரவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது இன்றைக்குக் கடல் எப்படி என்றும் கேளுங்கள். “தம்பி, இண்டைக்குக் கடல் சரியில்லை” என்று அவர் சொன்னால் மறு கேள்வி வேண்டாம், வாகனத்தைத் திருப்புங்கள்.